பெட்டியைத் திறந்தவள்

மார்கழி மழையும் விடுமுறையும் சேர்ந்து எங்கள் அலுவலகம் பன்னிரண்டு நாட்கள் பூட்டிக் கிடந்தது. தை மாதத்து முதல் திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது சுவர் ஓரமெல்லாம் ஈரம். மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் எங்களுக்கு இந்த ஈரமும் உப்புக்காற்றும் புதிதல்ல. யன்னல்களைத் திறந்துவிட்டு, வழக்கம்போல் கணினியின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழலும் சத்தம் கேட்டது. முன்பக்க விளக்கும் எரிந்தது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது.

நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டேன். அதே கறுப்புத் திரைதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சகோதரி, இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அவளுடைய பிள்ளைத் தாபரிப்பு வழக்கு புதன்கிழமை தவணை. “மிஸ், நாளைக்கு லோயரைச் சந்திக்கணும். நான் எந்தெந்த நாள் இஞ்ச வந்தன், என்ன சொன்னன் எண்டு எல்லாம் எழுதி வைச்சிருக்கிறீங்கதானே. அதை ஒருக்கா எடுத்துத் தாங்க” என்றாள்.

எழுதித்தான் வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் அவள் வந்த ஒவ்வொரு நாளும், காயத்தோடு வந்த இரவும், கணவன் பணம் தருவதாக ஒப்புக்கொண்டு தராமல் விட்ட மாதங்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. வேறு எங்கும் இல்லை. முன்பு கொப்பியில் எழுதினோம். கணினி வந்த பிறகு கொப்பியைக் கைவிட்டோம். பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் பேசுவோம், கூட்டம் முடிந்ததும் மறந்துவிடுவோம்.

உடனே, வழக்கமாகத் திருத்தித் தரும் கடைத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். பெட்டியைப் பார்க்காமலேயே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் மிஸ். கொண்டு வந்து தாங்க. புதிசு போட்டு விண்டோஸ் அடிச்சுத் தாறன். மூண்டு நாள் செல்லும்.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று நாளில் வழக்குத் தவணை போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவள் கதை மாத்திரமல்ல. வீட்டுக்குள் அடிபட்டவர்கள், மிரட்டப்பட்டவர்கள், தாய்க்குக்கூடச் சொல்லாததை எங்களிடம் சொன்னவர்கள் என்று எத்தனையோ பேருடைய பெயரும் முகவரியும் அதற்குள் உண்டு. எங்கள் ஊர் சிறியது. கடையில் நிற்கும் ஒருவர் யாருக்காவது மைத்துனராக இருப்பார். நல்லவராகவே இருந்தாலும், மேசையில் திறந்து கிடப்பது யார் கண்ணிலும் படலாம்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, பக்கத்து மேசையில் தரவு பதியும் தங்கச்சி மெதுவாகக் கேட்டாள். “அக்கா, ‘பீப்’ எண்டு சத்தம் வருதே, கவனிச்சீங்களா?”

நான் கவனிக்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டோம். நீளமாக ஒரு ‘பீப்’, சிறு இடைவெளி, மீண்டும் நீளமாக ஒன்று.

“ஹார்ட் டிஸ்க் பழுதெண்டால் கொம்பனிப் பெயர் உள்ள முதல் திரையாவது வரும் அக்கா. அதுக்குப் பிறகுதான் கணினி டிஸ்க்கைத் தேடும். இது அதுக்கு முதலே நிக்குது. ராமாக இருக்கலாம்” என்றாள். இந்த ஒலி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுமென்றும், விடாமல் நீளமாக ஒலித்தால் முதலில் நினைவகத்தைத்தான் பார்க்க வேண்டுமென்றும் விளக்கினாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தொழிற்பயிற்சி நிலையத்தில ஆறு மாதம் ஹார்ட்வெயார் படிச்சனான். வகுப்பில நாங்க ரெண்டு பேர்தான் பொம்பிளைப் பிள்ளைகள்.”

இரண்டு வருடமாக என் பக்கத்தில் இருப்பவள். ஒருநாளாவது நான் கேட்டதில்லை.

அவள் சொன்ன ஒழுங்கில் வேலையைத் தொடங்கினோம். முதலில் திரைக்குப் போகும் வயர் இரு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தோம். சொருகியிருந்த பென் டிரைவைக் கழற்றினோம். சில கணினிகள் பென் டிரைவில் விண்டோஸைத் தேடி, காணாமல் நின்றுவிடுமாம். பிறகு சுவிச்சை நிறுத்தி, மின் வயரைப் பெட்டியிலிருந்தே கழற்றி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் போவதற்காம். “மின்சாரம் வந்து சேருற இந்தச் சதுரப் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்கக் கூடாது அக்கா. வயரைக் கழற்றின பிறகும் அடிக்கும்” என்று எச்சரித்தாள்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றியபோது தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. உலர்ந்த தூரிகையால் தட்டினோம். அவள் பெட்டியின் வெற்று உலோகத்தில் கையை வைத்துவிட்டு, இரு பக்கக் கொளுக்கிகளையும் விலக்கி ராமை ஓரத்தில் பிடித்து எடுத்தாள். பொன்னிறமாக இருக்க வேண்டிய விளிம்பு மங்கிப் போயிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தாள். துகளை வாயால் ஊதப்போன என்னைத் தடுத்தாள். எச்சில் படுமாம். நடுவில் உள்ள வெட்டு பொருந்தும் பக்கம் பார்த்து வைத்து, இரு கொளுக்கியும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்தினாள்.

வயரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஒரேயொரு சின்னப் ‘பீப்’. திரையில் எழுத்து வந்தது.

அத்தோடு முடியவில்லை. திகதியும் நேரமும் பிழை என்று அறிவித்தது. உள்ளே இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டதாம். சிஆர் 2032 என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். அலுவலக அக்கா சந்திக்குப் போய் வாங்கி வந்தார். இதைச் சின்ன விடயம் என்று விடமுடியாது. கணினியின் நாட்காட்டி பிழைத்தால் நாங்கள் சேமிக்கும் ஒவ்வொரு பதிவிலும் பிழையான திகதிதான் விழும். நீதிமன்றத்தில் திகதிதானே பேசும்!

பதினொன்றரை மணிக்கு அந்தச் சகோதரியின் கையில் நான்கு பக்கங்களைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தவள், ஒரு திகதியில் விரலை வைத்து, “இது அவர் குடத்தை உடைச்ச நாள்” என்றாள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அன்று வெறுங்கையோடு திரும்பவில்லை.

சமூகவியல் படித்தவள் நான். பெண்ணின் வேலை, ஆணின் வேலை என்று சமூகம் எப்படிப் பிரித்து வைக்கிறது என்று எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். ஆனால் பெட்டி பழுதானதும் என் கை தானாகவே ஒரு ஆணின் தொலைபேசி எண்ணைத்தான் தேடியது. தங்கச்சியை நாங்கள் தட்டச்சுக்கு வைத்திருந்தோம். தெரிந்ததை அவளும் சொல்லவில்லை. “பிழைச்சால் நான்தானே உடைச்சதெண்டு சொல்லுவாங்க” என்றாள் பிறகு. அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதிவுகளை இரண்டு வெளி டிஸ்க்குகளில் பிரதி எடுக்கிறோம். இரண்டுக்கும் கடவுச்சொல் உண்டு. ஒன்று அலுவலக அலுமாரியில், மற்றது வேறொரு கட்டடத்தில். கணினியைக் கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுப்போம். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறோம். போடப் போட உள்ளிருப்பதும் அழியலாம்.

சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கத்திலும் கடன் குழுவிலும் இப்படியொரு பெட்டி இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதியை எடுத்து வையுங்கள். பக்கத்தில் இருக்கும் தங்கச்சியிடம் அவள் என்ன படித்தாள் என்றும் ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.