நொய்யலோடு ஒரு வாய்க்கால் கணக்கு

வெள்ளியங்கிரி மலைப்பக்கமிருந்து வரும் பெரியாறும் சின்னாறும் கூடுதுறையில் சேர்கின்றன. நொய்யல் அங்கே தொடங்கிக் கிழக்கே போகிறது. ஆலாந்துறை, தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இன்றும் பாக்குத்தோப்பு, வாழை, மஞ்சள் என்று பச்சை விட்டுப்போகவில்லை. ஆனால் சிறுவாணி சாலையில் போகிறவர்கள் தோப்புக்குத் தோப்பு மனை விற்பனைப் பலகையையும் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

இந்த ஆற்றைப் புரிந்துகொள்ளச் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் கொஞ்சநேரம் நிற்க வேண்டும். தாழ்வான சுவர்தான் அது. தண்ணீரைத் தேக்காது, ஒரு பங்கை ராஜவாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு மீதியை ஆற்றோடு போகவிடும். புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி எனக் குளத்துக்குக் குளம் நீர் போகிறது. கீழே குனியமுத்தூர், குறிச்சி, ராவத்தூர் அணைக்கட்டுகளிலும் இதே ஏற்பாடுதான். மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் பெருக்கெடுக்கும் ஆற்றை ஊர்க்கிணறுகளில் ஆண்டு முழுக்க வைத்திருக்கும் வழி இது. கொங்கின் மேற்குக் கோடியில் கிராம மரபு என்று எதையாவது காக்க வேண்டுமானால் முதலில் காக்க வேண்டியது இதைத்தான். கோயிலும் சாவடியும் அதற்குப் பிறகு.

பேரூர்ப் பட்டீஸ்வரர் ஆனி மாதம் நாற்று நட வயலில் இறங்குகிறார். அந்த விழா நடக்க வயல் வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வர வாய்க்கால் வேண்டும்.

குளங்களுக்குக் கோவையில் ஆள் இருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய சிறுதுளி அமைப்பும், 2017 முதல் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு இறங்கும் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பும் செய்தவை சாதாரண வேலையல்ல. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதை, விளக்கு எல்லாம் வந்துவிட்டன. குளம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதற்கு ஆதரவு கிடைக்கிறது. வாய்க்கால் அப்படியில்லை. 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று ஒரு வரி, புலப்படத்தில் இரண்டு கோடு. மனைப்பிரிவு போடும்போது வளைந்து வந்த வாய்க்காலை வேலியோரமாக நேராக்கி, மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடிவிட்டால் அது சாக்கடை. அடுத்த மழைக்குக் குளத்துக்கு வருவது அந்தச் சாக்கடை நீர்தான்.

1994-க்குப் பிறகு கோவையின் அடுத்த முழுமைத் திட்டம், 2041-ஐ இலக்காக வைத்து, 2024-இல்தான் வரைவாக வெளிவந்தது. இந்த முப்பது ஆண்டுகளில் எத்தனையோ கிராமங்கள் எந்தத் திட்டத்துக்கும் காத்திராமல் ஊரின் வடிவத்தையே இழந்துவிட்டன. அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, திட்டத்தின் எல்லையும் தண்ணீரின் எல்லையும் வேறுவேறாக இருப்பது. திட்டப் பகுதியின் கோடு முடியும் இடத்தில் ஆறு முடிந்துவிடாது.

சூலூர்க் குளங்களையும் சாமளாபுரத்தையும் தாண்டினால் திருப்பூர். இந்த ஊரின் கதையை நாடே அறியும். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் வரை போனது. அங்கே பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்ட பிறகே கழிவை ஆற்றில் விடாத முறை கட்டாயமாக வேரூன்றியது. மேலூர் எடுக்கும் முடிவைக் கீழூர் சுமக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்று அதே ஊரில் நல்லாற்றின் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் அந்தக் குளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரத்துப்பாளையத்துக்கு அருகே வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பார்கள். கல்மணி செய்த, இரும்பு உருக்கிய ஊர். அகழாய்வுக் குழிகளுக்குப் பக்கத்திலேயே உழவு நடக்கிறது. ஈமச்சின்னங்கள் பட்டா நிலத்திலும் கிடக்கின்றன. உழவரைச் சேர்த்துக்கொள்ளாத பாதுகாப்புத் திட்டம் இங்கே ஒரு கல்லையும் காக்காது.

தெற்கே காங்கேயம் பக்கம் கொரங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். வேலிக்குள் விட்டால் மாடு தானே மேய்ந்துகொள்ளும், மேய்ப்பவர் வேண்டாம். காங்கேயம் மாடு வளர்ந்த நிலம் இதுவே. மனையாகப் பிரித்து விற்றால் முதலில் பிடுங்கப்படுவது அந்த வேலிதான். திரும்ப ஒரு கிளுவை வேலியை நெருக்கமாக வளர்த்தெடுக்க ஆண்டுகள் ஆகும். ஆனால் திட்ட வரைபடத்தில் இந்தக் கொரங்காட்டுக்கென்று தனி நிறம் கிடையாது.

கொடுமுடிக்குத் தெற்கே நொய்யல் என்ற ஊரில் ஆறு காவிரியில் கலக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. ஆலாந்துறையிலிருந்து இந்த ஊர் வரை கரையோர ஊராட்சிகள் அன்று ஒரே தீர்மானத்தை நிறைவேற்றலாம்: தங்கள் எல்லையிலுள்ள ஒவ்வொரு வாய்க்காலின் புல எண்ணையும் சபையில் உரக்கப் படித்து, பதிவேட்டு அகலத்தை நேரில் அளந்து, அந்தப் பட்டியலை மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்கு அனுப்புவது.