அரை மில்லிமீட்டர்

பெரிய பேத்தியின் முழங்காலில் ஜவ்வு கிழிந்த கதையைக் கேட்டுச் சில நண்பர்கள் போன் செய்திருந்தார்கள். அதில் என் பங்கு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக் கால்பந்துப் போட்டி. யாரும் அவளை இடிக்கவில்லை. பந்தோடு ஓடியவள் சட்டென்று திரும்பினாள். காலுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டதாம், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தோம். நெடுஞ்சாலைத் துறையில் 34 வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். எந்தப் படம் கைக்கு வந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒரு கீறல்கூட இல்ல, சுளுக்குதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். வீடே நம்பியது. வீக்கம் வடிந்ததும் மூன்றாவது வாரமே ஆடப் போய்விட்டாள். கால் மறுபடி மடங்கியது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது என்பது எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஏ.சி.எல். ஜவ்வோடு, மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது.

ஆபரேஷன் நடந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். ஒன்பது மாதமாவது மைதானத்துப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு குமிழ்கள், நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்தான் இந்த ஜவ்வு இருக்கிறது. "இந்தப் பொண்ணுக்குப் பள்ளம் கொஞ்சம் குறுகல்" என்றார்.

சின்னவளும் கால்பந்துதான். பதின்மூன்று வயது.

அப்புறம் எனக்கு ஏது தூக்கம்? தேடித் தேடிப் படித்தேன். பள்ளத்தின் அகலத்தை எலும்பின் மொத்த அகலத்தால் வகுத்து ஒரு விகிதம் எடுக்கிறார்கள். 1993-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 902 உயர்நிலைப் பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளை எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்குக் கிழிகிறது என்று கவனித்திருக்கிறார்கள். யாரும் இடிக்காமல் தானாகக் கிழிந்தவை குறுகல்காரர்களிடம்தான் அதிகம். பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். கூடப் பிறந்தவருக்குக் கிழிந்திருந்தால் இன்னும் அதிகம். சின்னவளுக்கு எல்லாமே பொருந்தியது.

தெருமுனை டாக்டரிடம் சீட்டு வாங்கி, பென்ஷன் பணத்தில் அவளுக்கு ஸ்கேன் எடுத்தேன். நன்றாக இருக்கும் காலுக்கு ஸ்கேன் எடுப்பதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றிருந்தது. கிழிசல் இருக்கிறதா என்றுதானே அவர்கள் பார்ப்பார்கள்? படத்தை ஜன்னலில் ஒட்டி நானே ஸ்கேலை எடுத்தேன். படம் சின்னதாக இருந்தால் என்ன, விகிதம் மாறாது. எலும்பு 34 மில்லிமீட்டர், பள்ளம் ஆறரை. வகுத்தால் 0.19. 0.2-க்குக் கீழே என்றால் குறுகல் என்று எங்கோ படித்திருந்தேன். மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சின்னவளின் பூட்ஸைத் துணிப்பையில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். சின்னவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெரியவளின் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது படத்தையும் எடுத்துப் போனேன். டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

"சார், இது ரொட்டி வெட்டின மாதிரி துண்டு துண்டா எடுத்த படம். நீங்க எந்தத் துண்டுல அளந்தீங்க?"

நான் காட்டினேன். அவர் அடுத்த துண்டைக் காட்டி அளக்கச் சொன்னார். ஏழு வந்தது. 0.206. அரை மில்லிமீட்டரில் பேத்தி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மேலதிகாரி முன்னால் வரைபடத்தில் தப்பான அளவு எழுதி மாட்டிக்கொண்ட நாட்கள் ஞாபகம் வந்தன.

"குறுகல்னே வெச்சுக்குவோம். நீங்க படிச்ச ஆய்வுலயே குறுகலா இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகல. பள்ளம் அகலமா இருந்தும் கிழிச்சுக்கிட்டு இங்க வர்றவங்க நிறையப் பேர். படம் பார்த்து எலும்பைச் செதுக்கவா முடியும்? குதிச்சு இறங்குறப்ப முட்டி உள்பக்கம் சாயுதான்னு பாருங்க. அதைப் பழக்கத்துல மாத்தலாம்."

2023 பெண்கள் உலகக் கோப்பையைப் பெரியவளோடு உட்கார்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. ஆர்சனல் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்த பெத் மீட், விவியான் மீடமா, லியா வில்லியம்சன் மூவருமே ஏ.சி.எல். கிழிந்து அதில் ஆடவில்லை. அவர்களுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்க வசதி இல்லாமலா?

பூட்ஸை இறக்கித் தர மகளுக்கு மனம் வரவில்லை. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். ஏற்கெனவே ஒருமுறை நான் சொன்ன தீர்ப்பை நம்பியவள். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு மைதானம். 'ஃபிஃபா 11+' என்று ஒரு பயிற்சி இருக்கிறது, இருபது நிமிடம்தான். மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது. மண்டியிட்டு உட்கார்ந்தவளின் கணுக்காலைத் தோழி பிடித்துக்கொள்ள, முதுகை வளைக்காமல் மெல்ல முன்னால் சாய்வது ஒன்று; பார்க்கும் எனக்கே தொடை வலிக்கும். குழுவில் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குறுகல் யாருக்கு என்று யாரையும் கேட்கவில்லை.

பெரியவளுக்கு ஆபரேஷனாகி ஏழு மாதம். ஆடத்தான் கூடாதே தவிர வரலாம் என்று எங்களோடு வந்து திட்டில் உட்கார்ந்துகொள்வாள். நான் எதிரே நின்று, சின்னவள் குதித்து இறங்கும்போது முட்டி கால்விரலுக்கு நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்த கொத்தனார் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். நேற்று, "உள்ள சாயுது, உள்ள சாயுது" என்று கத்தினேன்.

"தாத்தா, அதை நான் பார்த்துக்கறேன். நீங்க எத்தனை தடவைன்னு மட்டும் எண்ணுங்க" என்றாள் பெரியவள்.

எண்ணிக்கொண்டிருக்கிறேன்.