பாசிக்குள் இருக்கும் நிறங்கள்: சில குறிப்புகள்

• சுருள்பாசி (ஸ்பைருலினா) பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் வடித்தால் நீலம் இறங்குகிறது. ஃபைகோசயனின். பச்சைக்குள் ஒளிந்திருந்த நீலம் அது. நல்ல பாசியின் உலர் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலேயே இருக்கும்.

• நிறத்தைப் பிரிக்க முதலில் தெரிய வேண்டியது, அது எதில் கரையும் என்பது. நீலம் புரதத்தோடு பிணைந்தது, நீரில் கரையும். ஈரப் பாசியை உறையவைத்து உருகவிட்டால் செல் கிழிந்து நீலம் வெளியே வரும். பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமோ தண்ணீருக்கு மசியாது. அதற்கு எண்ணெயோ கரைப்பானோ வேண்டும்.

• நீலத்துக்குச் சூடு ஆகாது. 45 டிகிரி தாண்டினால் வெளிறத் தொடங்கும். சித்திரையில் எங்கள் ஊர் புளியங்குடி மொட்டைமாடியில் பாசியைக் காயப்போடுவது நிறத்தை எரிப்பதுதான். நிழலும் காற்றும் போதும்.

• புளிப்பும் ஆகாது. சுருள்பாசி வளர்வதே சமையல் சோடா கலந்த காரத் தண்ணீரில். எங்கள் ஊர் எலுமிச்சைச் சாறு பட்டால் நீலம் திரிந்து மங்கும். எலுமிச்சைச் சர்பத்தில் கலக்க நினைப்பவர்கள் இதை முதலில் அறிய வேண்டும். மிட்டாய்க்குச் சரிவரும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் இதை அனுமதித்தது.

• தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு ஏற ஏறப் பாத்தித் தண்ணீர் சிவக்கும். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களோடு துனலியெல்லா என்ற நுண்பாசிக்கும் அதில் பங்குண்டு. வெயில் கடுமையாகி, உரச்சத்தும் குறைந்தால் அது பீட்டா கரோட்டினைச் சேர்த்துக் குடைபோல விரித்துக்கொள்கிறது. உலர் எடையில் பத்து சதவீதம் வரைகூட. ஹீமட்டோகாக்கஸ் என்ற இன்னொரு நுண்பாசி நெருக்கடியில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பைச் சேர்க்கும். அதன் சுவர் தடித்தது. உடைக்கும் செலவுதான் அந்தச் சிவப்பின் விலையை ஏற்றுகிறது.

• புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பாசிப் பண்ணை இருக்கிறது. அதற்கு முன்பே, சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி, சுருள்பாசியைக் கிராமத்துப் பெண்களே வளர்க்கும் எளிய முறைக்காக உழைத்தார்.

• குளத்துப் பாசியை அள்ளித் தின்னக் கூடாது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற பாசிகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். வளர்ப்புப் பாசியாக இருந்தாலும், நஞ்சுக்கும் கன உலோகத்துக்கும் சோதித்த பிறகே வாயில் வைக்க வேண்டும்.

• சேஷாத்ரி குழுவின் 1993 அறிக்கை என் மனதை விட்டு அகலவில்லை. சிற்றூர்க் குழந்தைகளுக்குத் தினம் 1 கிராம் சுருள்பாசி கொடுத்ததில், வைட்டமின் ஏ குறைவால் கண்வெள்ளையில் வரும் பிட்டாட் புள்ளிகள் குறைந்தன என்றது அது. உடலில் வைட்டமின் ஏ ஆவது பாசியிலுள்ள பீட்டா கரோட்டின். ஆனாலும் அந்தக் குழந்தைகளுக்காக யாரும் அந்த நிறத்தைப் பிரித்தெடுக்கவில்லை. பாசியை முழுசாகவே கொடுத்தார்கள். பிரித்த நீலம் மிட்டாய்க்குப் போகட்டும், அதில் வரும் வருமானமும் நல்லதுதான். ஆனால் தென்காசிப் பக்கம் ஒரு பாசித் தொட்டி கட்டினால், சோதித்துத் தேறிய முதல் அறுவடை அங்கன்வாடிக்கே போக வேண்டும்.