இரவல் காடு



நம் சபை வாலிபர்கள் இந்தக் கோடையிலும் கென்ட் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்குச் சொந்தமான காட்டில் இரண்டு இரவுகள் தங்கப் போகிறார்கள். அறிவிப்பைக் கேட்ட பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள்: காடு எல்லாருக்கும் பொதுவானதுதானே, அதற்கு ஏன் கடிதம் எழுதி அனுமதி வாங்கி, இத்தனை ஒழுங்குகள்? அதற்கு ஆலய வாசலில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால் இந்த வாரம் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் சொந்தக்காரர் இல்லாத காடு என்று ஒன்று இல்லை. காட்டினூடே பொது நடைபாதை போகலாம். அதில் நடக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் பாதையை விட்டு விலகிக் கூடாரம் அடிக்கும் உரிமையை அது தருவதில்லை. அனுமதியின்றித் தங்குவது அத்துமீறலாகும். ஸ்கொட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிறவர்களுக்கு வேலியடைக்காத நிலத்தில் ஓரிரு இரவு தங்கும் உரிமையை அளிக்கிறது. இங்கிலாந்தில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மாத்திரம் இதைக் குறித்துப் பெரிய வழக்கு நடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அங்கே கூடாரமடிக்கும் உரிமை இல்லை என்றது. அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உரிமை உண்டு என்று முடித்துவைத்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மகிழ்ச்சியே. நிலமற்ற மனிதனும் வானத்தின் கீழ் ஓர் இரவு படுக்க ஒரு நாட்டில் கொஞ்சமாவது இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் நாம் போகும் காடு டார்ட்மூர் அல்ல. அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

இதை நம் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. அவர்களுடைய கண்ணுக்கு அது தானாய் முளைத்த காடு. உண்மையில் அங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை சுவீட் செஸ்நட் மரங்கள். அவற்றை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து பல தண்டுகள் நேராகக் கிளைக்கும், கரும்பு மறுதாம்பு விடுவதுபோல. ஏறக்குறைய 12 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை வெட்டி வேலிக்கட்டைகளுக்கு விற்பார்கள். நூற்றாண்டுகளாக நடந்துவரும் விவசாயம் அது. கூடாரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு நேரான இளந்தண்டை வெட்டுவது, அயலவருடைய தோட்டத்தில் குலை தள்ளாத வாழையை வெட்டுவதற்குச் சமம்.

உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை இந்தப் பயணத்துக்கு முன் வாலிபர்களோடு வாசிப்பது என் வழக்கம். அயலவனுடைய திராட்சத்தோட்டத்துக்குள் போகிறவன் பசியாறும்வரை தின்னலாம், கூடையில் எடுத்துக்கொண்டு போகலாகாது. விளைந்த பயிருக்குள் போகிறவன் கையால் கதிர் கொய்யலாம், அரிவாளை இடலாகாது. பிற்காலத்தில் சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்தபோது பரிசேயர் அந்த நாளைக் குறித்தே வாதாடினார்கள். களவு என்று ஒருவரும் குற்றஞ்சாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் ஒருவனுக்குச் சொந்தம் என்பதையும், வழிப்போக்கனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதையும் அந்தச் சட்டம் ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது. எல்லைக்கோடு வேலியில் இல்லை. கையில் இருக்கும் கருவியில் இருக்கிறது. கத்தியும் கைவாளும் எடுத்துக்கொண்டு பிறருடைய காட்டுக்குள் போகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி வேதத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. (அதே அதிகாரத்தின் நடுவில், பாளயத்துக்குப் புறம்பே போய்க் குழி தோண்டி, மலத்தை மண்ணால் மூட வேண்டும் என்ற கட்டளையும் உண்டு. அதை வாசிக்கும்போது வாலிபர்கள் சிரிப்பார்கள். காட்டில் முதல் நாள் காலையில் யாரும் சிரிப்பதில்லை. குழி 15 சென்றிமீற்றர் ஆழம், நீரோடையிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தூரம்.)

கடிதத்தில் நாம் எழுதுவது இவைதாம்: எத்தனை பேர், எந்த இரவுகள், எத்தனை வாகனங்கள், நெருப்பு மூட்டலாமா, மூட்டலாமென்றால் எந்த இடத்தில், எந்த விறகைத் தொடலாம், ஆம்புலன்ஸ் வரவேண்டியிருந்தால் எந்த வாயிலைத் திறக்க வேண்டும். தம் காட்டில் நமக்கு ஏதேனும் நேர்ந்தால் சட்டப்படி அந்த உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். சம்மதிக்கிறவர் அதையும் சேர்த்தே சுமக்கிறார். 2022ஆம் ஆண்டு கோடையை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் இந்த நாட்டின் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைக் கடந்த கோடை அது. புறப்படுவதற்கு முந்தின இரவு அவர் தொலைபேசியில் அழைத்து, வாருங்கள், ஆனால் ஒரு தீக்குச்சிகூட உரசக்கூடாது என்றார். இரண்டு நாளும் பாணும் வாழைப்பழமும் தின்றோம். முணுமுணுப்புக்குக் குறைவில்லை.

மற்ற ஆண்டுகளில் நெருப்புதான் பாடசாலை. கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பார்க்கக் கற்பிக்கிறோம். காய்ந்து தொங்கும் கிளைக்கு ஆங்கில மரவெட்டிகள் இட்ட பெயர் 'கைம்பெண்ணாக்கி'. பிறகு சருகை விலக்கி, கீழே வெறும் மண் தெரியும்வரை சுரண்டுகிறோம். சருகின்மேல் மூட்டிய தீ வேர்வழியே புகைந்து, ஆட்கள் போனபின் வேறிடத்தில் எழும்பும். விறகு, தானாய் உலர்ந்து, ஒடித்தால் 'சடக்' என்று முறிவதாய் இருக்க வேண்டும். தரையில் உளுத்துக் கிடக்கும் கட்டையைத் தொடுவதில்லை. கலைமான் கொம்பு போன்ற தாடை உடைய ஸ்டாக் வண்டின் புழுக்கள் அப்படிப்பட்ட மரத்தைத் தின்று பல ஆண்டுகள் மண்ணுக்குள் வளர்கின்றன. விழுந்த பேர்ச் மரத்தின் பட்டையில் எண்ணெய்த் தன்மை உண்டு, ஈரத்திலும் பற்றும். நிற்கும் மரத்தில் அதை உரிக்கக் கூடாது. தீக்குச்சிப் பருமன், பென்சில் பருமன், பெருவிரல் பருமன் என்று சுள்ளிகளை முன்பே பிரித்து அடுக்காதவன் நெருப்புக்கு முன்னால் மண்டியிட்டு ஊதிக்கொண்டே இருப்பான். அணைப்பது மூட்டுவதைவிட நீண்ட வேலை: நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்குள் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை குளிரும்வரை புறப்பாடு இல்லை.

இதற்குப் 'புஷ்கிராஃப்ட்' என்று பெயர். 'சர்வைவல்' என்று நம் பிள்ளைகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. வியாழன் போய் சனி திரும்பி, வரும் வழியில் பொரித்த கோழி வாங்கித் தின்பவன் எதிலிருந்தும் தப்பிப் பிழைக்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் நம் சபையிலேயே பின்வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒரு மூத்த தாயார் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பேரனுக்குக் கையெழுத்து வாங்கப் போன என்னிடம் அவர் கேட்டார்: "ஐயா, தறப்பாளுக்குக் கீழ நாங்கள் கிடந்தது போதாதே? பிள்ளையளையும் ஏன் கொண்டுபோய்க் கிடத்துறியள்?" அவருடைய குடும்பம் 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டுத் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்தது. எங்கும் எவருடைய காணி என்று கேட்க நேரமில்லை. தறப்பாளை இழுத்துக் கட்டிப் பங்கர் வெட்டினார்கள். ஓரிடத்தில் பங்கரை மூடக் குற்றி தேடிப் பனை தறிக்க நின்றபோது அந்த வளவின் சொந்தக்காரி வந்துவிட்டாராம். "நாங்கள் கேக்கேல்லை ஐயா. அந்த மனுசி தானா வந்து, தறியுங்கோ பிள்ளையள் எண்டு சொன்னவ. அவவின்ர பெயர்கூட எனக்குத் தெரியாது." சில நாட்களில் அந்தப் பெண்ணும் இடம்பெயர்ந்துவிட்டார்.

நான் மறுமொழி சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்தக் காட்டுக்காரர் ஓமெண்டு சொன்னவரோ?" சொன்னார் அம்மா, எழுதியே தந்திருக்கிறார் என்று கைபேசியில் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டார். விழுந்த விறகை எடுக்கலாம் என்ற வரியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்திட்டார்.

அந்தப் பேரன் திரும்பி வந்த அன்று மாலை, முகாம் இருந்த இடத்தை நாங்கள் விட்டுப் புறப்பட்டபோது எடுத்த படத்தைப் பாட்டியிடம் காட்டினான். சருகும் மரமும் மாத்திரம் தெரிந்தன. நெருப்பு எங்கே மூட்டினீர்கள் என்று அவர் கேட்க, அவனாலேயே இடத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. அவர் அந்தப் படத்தைத் தம் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.

இந்த ஆண்டு 14 பேருக்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது. பதினைந்தாவது பெயரைச் சேர்க்க இயலாது, என்னைக் கெஞ்சிப் பயனில்லை. கத்தி கொண்டுவருகிறவர்கள் அதைப் பையின் அடியில் கட்டிவைத்து, காட்டுக்குள் வந்தபின் நான் சொல்லும்போது மாத்திரம் எடுக்க வேண்டும். பொது இடத்தில் தகுந்த காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது இந்நாட்டில் குற்றம். உரிமையாளருக்குக் கொடுக்கச் சென்ற ஆண்டு அந்தத் தாயார் பனங்கட்டி ஒரு பொதி தந்தனுப்பினார். இது எதற்கு என்று அவர் கேட்டபோது, விறகுக்கு என்று பையன் சொல்லிவிட்டான். இம்முறையும் பொதி ஆயத்தமாக இருக்கிறதாம்.