மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு, கியர் கியராக!

மயிலாப்பூரிலிருந்து தி. நகர் வழியாக அடையாறுக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டால் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். எத்தனை கியர் ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்! விழிப்பார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். தேனாம்பேட்டை வருவதற்குள்ளேயே நூறு தாண்டிவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டு, என் அத்தையின் இடது கையைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்தேன்.

அத்தையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவள். வயது 68. சித்திரக்குளத்துக்கு அருகே ஒரு சந்தில் வாசம். 1999-ஆம் வருஷம் தன் சம்பளத்தில் கடன் போட்டுத் தானே வாங்கிய சின்ன வெள்ளைக் கார் ஒன்றை இன்னும் தானே ஓட்டுகிறாள். அவளுடைய அக்கா, அதாவது என் பெரியத்தை, தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறாள். முழங்கால் பிடிவாதம் பிடிக்கிறது. ஆட்டோவில் ஏற முடியாது. வாரம் மூன்று நாள் அவளை அடையாறில் ஒரு வைத்தியசாலைக்கு உடற்பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். வாடகைக் காரில் போகலாமே என்கிறீர்களா? போனார்கள். "சீக்கிரம் ஏறும்மா!" என்று ஒரு டிரைவர் அவசரப்படுத்தியதில் பெரியத்தை கண் கலங்கிவிட்டாள். அன்றிலிருந்து தங்கையின் கார்தான்.

இப்பேர்ப்பட்ட காருக்குத்தான் ஆபத்து வந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டால், காலை வேளையில் கம்பி நகரவே மாட்டேன் என்றது. பலவந்தமாகத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு பட்டறையில் காட்டினார்கள். "பெட்டியைத் திறக்கணும்" என்று சொன்ன தொகை, காரின் விலையை எட்டிப் பிடித்தது. பெங்களூரில் இருக்கும் பிள்ளை, "வித்துடும்மா" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒரு ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டான். அன்றைக்குப் புதன்கிழமை.

"ஏண்டி, பத்திரிகைக்காரி! ஊரெல்லாம் சுத்தறியே, நல்ல மெக்கானிக் ஒருத்தர் தெரியாதா உனக்கு?" என்றாள் அத்தை. இப்படியாகத்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

நம் ஊருக்கும் காருக்கும் உள்ள உறவு பழையது. 1901-இல் பாரி கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான யார்க் என்ற வெள்ளைக்காரர், அடையாறு பென்ஸ் கார்டன்ஸ் பங்களாவிலிருந்து பாரிமுனைக்குத் தினந்தோறும் தம் காரை ஓட்டிக்கொண்டு போனார். பிறகு இந்தியர்களில் முதலாவதாக இங்கே கார் வாங்கியவர், ஹைகோர்ட் கட்டடத்தைக் கட்டிய காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார். அந்தக் காலத்துக் கார்களில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. இரண்டு முறை கிளச்சை மிதித்து, நடுவில் எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு, வேகம் ஒத்துப்போகும் தருணம் பார்த்துத் தள்ள வேண்டும். தவறினால் பல்லும் பல்லும் மோதும். 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 'சிங்க்ரோமெஷ்' என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் இந்த வித்தைக்கு விமோசனம் பிறந்தது.

அதென்ன சிங்க்ரோமெஷ்? பயப்படாதீர்கள். கோலாட்டம் ஆடிக்கொண்டிருக்கும் வட்டத்துக்குள் புதிதாக ஒரு பெண் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரே பாய்ந்தால் கோல் மண்டையில் விழும். பக்கத்தில் நின்று இரண்டு அடி சேர்ந்து வைத்து, தாளம் பிடிபட்ட பிறகு நுழைந்தால் ஆட்டம் கலையாது. கியர் பெட்டிக்குள் அந்த இரண்டு அடியைச் சேர்த்து வைக்கச் சொல்லித் தருவது ஒரு வளையம். பெரும்பாலும் பித்தளை ஜாதி. கியரின் கூம்பு மேல் அது உரசி, அதன் வேகத்தைச் சமமாக்குகிறது. பிறகுதான் பற்கள் சத்தமில்லாமல் கோத்துக்கொள்கின்றன.

இங்கேதான் எண்ணெயின் தர்மசங்கடம் ஆரம்பமாகிறது. கியர்ப் பற்கள் தேயாமல் இருக்க, எண்ணெய் வழுக்க வேண்டும். வளையம் பிடிக்க வேண்டுமானால், அதிகம் வழுக்கக் கூடாது. எண்ணெய்க் கையால் ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகிப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கதிதான் வளையத்துக்கும். ஒரே எண்ணெய் இரண்டு மருமகள்களையும் திருப்திப்படுத்த வேண்டியிருக்கிறது!

வியாழக்கிழமை காலை புதுப்பேட்டைப் பக்கம் விசாரித்து, ராயப்பேட்டையில் வேப்ப மரத்தடியில் பட்டறை போட்டிருக்கும் ஒரு வயோதிகரைப் பிடித்தேன். எல்லாருக்கும் அவர் 'பாய்'. காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, அடிப்பக்கத் திருகைக் கழற்றினார். எண்ணெய் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். கம்பிப் பாகு பதத்தில் இறங்கியது. விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். அதில் பொன் பொடி மின்னியது!

"தங்கமா?" என்றேன்.

"தங்கம் இல்லேம்மா, பித்தளை. வளையம் தேயுது" என்றார் பாய். "டீச்சரம்மா, இதுல யாரு நூத்தி நாப்பது ஊத்தினது?"

விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பெட்டியில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்ததாம். எங்கோ ஒரு பட்டறையில், சத்தத்தை அடக்குவதற்காக லாரிக்கு உபயோகிக்கும் கெட்டியான எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். சத்தம் அடங்கியது, கூடவே கியரும் அடங்கிவிட்டது.

டப்பாக்களின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் நீங்களும் ஏமாற மாட்டீர்கள். '80 டபிள்யூ 90' என்று இருந்தால், கடைசியில் வரும் 90 என்பது எண்ணெய் 100 டிகிரி சூடேறிய நிலையில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும். 140 என்றால் இன்னும் கெட்டி. முன்னால் இருக்கும் எண் குளிரில் அதன் குணம். 75 என்றால் 80-ஐவிடக் குளிரில் இளக்கம். நம் ஊரில் ஏது குளிர் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சாதாரண 80 டபிள்யூ 90 எண்ணெய், 40 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 10 மடங்கு கெட்டியாக இருக்கும். சித்திரை வெயிலே பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்குக் குளிர்காலம்தான்! காலையில் முதல் இரண்டு மைல் கியர் முரண்டு பிடித்து, பிறகு சரியாவதன் ரகசியம் இதுவே.

இன்னொரு குறிப்பும் உண்டு: ஜி.எல். 4, ஜி.எல். 5. பின் சக்கரத்தால் ஓடும் வண்டிகளில், பின் அச்சுப் பெட்டிக்குள் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று பலமாக வழுக்கித் தேய்க்கும். அதைத் தாங்குவதற்காக 5-இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம். 4-இல் இருப்பதைப் போல் இரு மடங்கு வரை போகலாம். "எண் பெரிசா இருந்தா ஒசத்தின்னு நினைச்சுண்டு இதை ஊத்தறா" என்றாள் அத்தை. உடனே வகுப்பு நடத்தவும் தொடங்கிவிட்டாள். "கந்தகம் செம்பைக் கண்டா விடாது. பித்தளைக் குத்துவிளக்கு கறுக்கறதில்லையா? அந்தக் கதைதான். வளையத்தை அரிக்கும்." பித்தளைக்குக் கெடுதல் இல்லாத 5-களும் இப்போது வருகின்றன. ஆனாலும் வளையத்துக்கு வேண்டிய பிடி அவற்றில் குறையலாம். அத்தையின் காரில் எஞ்சின், கியர் பெட்டி எல்லாம் முன்னாலேயே இருப்பதால், கார்க் கையேடு கேட்பதும் 4-தான்.

பிறகு பாய் தம் கைவசமுள்ள கலவைகளைச் சொன்னார். எஞ்சின் எண்ணெயைப் பாதி கலப்பார்களாம் சிலர். தானியங்கிக் கியர் வண்டிக்கான சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் சேர்ப்பார்களாம் வேறு சிலர். அவர்களுக்கெல்லாம் கியர் வெண்ணெய் போல் விழுகிறதாம்.

"எத்தனை நாளைக்கு விழும்?" என்றாள் அத்தை.

பாய் சிரித்துவிட்டார். "அதத்தான் டீச்சரம்மா யாரும் திரும்பி வந்து சொல்றதில்ல."

அத்தை சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. இளக்கமான எண்ணெயைக் கெட்டியானதோடு சேர்த்தால் நடுவாந்தரப் பதம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பாதிக்குப் பாதி சேர்த்தால் சரிபாதிப் பதம் வராது. இளக்கமானதன் பக்கமே அதிகம் சாயும். அது போகட்டும், எண்ணெய் என்பது வெறும் எண்ணெய் அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் மருந்துச் சரக்கை அதில் கரைத்து வைத்திருக்கிறது. இரண்டு வைத்தியர்களுடைய மருந்தை ஒரே டம்ளரில் கலந்து குடிப்போமா? எஞ்சின் எண்ணெயிலோ சிவப்பு எண்ணெயிலோ பற்களைக் காக்கும் மருந்து கியர் எண்ணெயில் உள்ள அளவுக்கு இல்லை. அவற்றை ஊற்ற வேண்டும் என்றே செய்த பெட்டிகளும் உண்டு. அத்தையுடையது அந்த வகை அல்ல.

கடைசியில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். கலவைதான், ஆனால் ஒரே கம்பெனியின் ஜி.எல். 4 எண்ணெயிலேயே இரண்டு தினுசு: சாதாரண 80 டபிள்யூ 90 பாதி, செயற்கை எண்ணெயான 75 டபிள்யூ 90 பாதி. காலை முரண்டுக்கு இளக்கம், வெயிலில் அதே 90. "முழுக்க முழுக்க இளக்கமானதையே ஊத்தலாம். ஆனா பழைய பெட்டி, சீல் வழியா ஒழுகும்" என்பது பாயின் அனுபவம்.

ஜி.பி. ரோடுக் கடையில் டப்பாக்கள் வாங்கி வந்தேன். முதலில் கொஞ்சம் புது எண்ணெயை ஊற்றி, ஒரு சுற்று ஓட்டி, பழைய கசடோடு வடித்துவிட்டார் பாய். பிறகு பக்கத்துத் துளையில் வழியும் வரை ஊற்றி மூடினார். கிளச் கேபிளையும் சற்று இழுத்துக் கட்டினார். "பாதி வண்டியில வியாதி கிளச்சுல இருக்கும்மா. ஜனங்க எண்ணெய மாத்தி மாத்தி ஊத்துவாங்க" என்றார். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. கபாலீசுவரர் கோயில் கோபுரத்தில் வெயில் படிய ஆரம்பித்த நேரம். மாட வீதியில் பூக்காரிகள் கூடையை இறக்குகிறார்கள். அத்தை முதல் கியர் போட்டாள், கார் நகர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது... விழுந்தது! வெண்ணெய் என்று சொன்னால் பொய். உறைந்த நெய்யில் கரண்டி இறங்குகிற மாதிரி, கொஞ்சம் தயங்கி, ஆனால் சத்தமில்லாமல் இறங்கியது.

லஸ் முனையில் மெட்ரோ ரயில் வேலைக்காக அடைத்திருந்தார்கள். முதல், இரண்டு, முதல், இரண்டு. ஆழ்வார்ப்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை தாண்டிப் பாண்டி பஜாரில் நுழைந்தபோது கடைகள் இன்னும் திறக்கவில்லை. அகலமான நடைபாதையில் காலை உலா வருகிறவர்கள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பனகல் பார்க்கில் பெரியத்தை கைத்தடியோடு வாசலிலேயே காத்திருந்தாள். அவள் ஏறி உட்காருவதற்கு நான்கு நிமிஷம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நந்தனம் தாண்டிக் கோட்டூர்புரம் பாலத்தில் ஏறினோம். கீழே அடையாறு நதி. மூன்றாவது, நான்காவது! காந்தி மண்டபம் ரோட்டு மர நிழலில் கார் இருபத்தைந்து வயதை மறந்து ஓடியது. "சத்தமே இல்லையேடி" என்றாள் பெரியத்தை, பின் ஸீட்டிலிருந்து.

சர்தார் படேல் ரோட்டு நெரிசலில்தான் உண்மை வெளிப்பட்டது. ஓடுகிற வேகத்தில் இரண்டாவதிலிருந்து முதலுக்கு இறக்கினால் பழைய 'கர்ர்' இன்னும் தலை காட்டியது. எண்ணெய் வைத்தியம் செய்யும். தேய்ந்துபோன வளையத்தை வளர்த்துத் தராது. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. கிளச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஒரு உறுமல் கொடுத்து, அழகாக முதலுக்கு இறக்கினாள். 1901-இல் இதே அடையாறிலிருந்து புறப்பட்ட யார்க் துரைகூட மெச்சியிருப்பார்!

ஞாயிற்றுக்கிழமை கார் வாங்க வந்தவரை அத்தையே மாட வீதிகளில் ஒரு சுற்று அழைத்துப் போனாள். திரும்பி வந்து அவர், பேசிய தொகைக்கு மேல் ஐயாயிரம் தருவதாகச் சொன்னார். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

"வளையம் தேஞ்சிருக்கு. என்னிக்கானும் ஒரு நாள் பெட்டியைத் திறக்கத்தான் வேணும். உங்களை ஏமாத்த எனக்கு மனசில்லை" என்றாள். "தவிர, நாளைக்குத் திங்கக்கிழமை. அக்காவை அடையாறு அழைச்சுண்டு போகணும்."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பெங்களூருக்கு அத்தை டெலிபோன் செய்தாள். என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. கார் மட்டும் சித்திரக்குளத்துச் சந்தில்தான் நிற்கிறது.