ஆற்றுப் பக்கம்

அமெரிக்கா போனால் மகனோ மகளோ உங்களை நயாகராவுக்குக் கூட்டிப் போவார்கள். என் மகள் என்னைக் காட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.

வடக்கு கலிஃபோர்னியாவில் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் என்று மாநில அரசின் பூங்கா. பூங்கா என்றதும் சறுக்குமரமும் சுண்டலும் ஞாபகம் வந்தால் அழித்துவிடுங்கள். முந்நூறு அடி உயர மரங்கள். அண்ணாந்தால் மூக்குக்கண்ணாடி நழுவுகிறது. 1991-ல் சாய்ந்த ஒன்று அப்படியே கிடக்கிறது. படுத்திருக்கும்போதும் அது நம்மைவிட உயரம். இத்தனை பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாதாம். பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டுதான் நிற்கிறது.

நடுவே கூடாரம் போட இடம், ஒரு மேஜை, தீ மூட்ட இரும்பு வளையம். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக் கூடாது, விறகைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். கரடி வருமென்று சாப்பாட்டையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டச் சொல்கிறார்கள். பற்பசையைக்கூட! என் தேங்காய் எண்ணெயையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் மகள் பிடுங்கி உள்ளே வைத்தாள். கரடிக்கு நார்த்தங்காய் பிடிக்குமோ என்னவோ.

சற்றுத் தள்ளி ஈல் ஆற்றின் தென்கிளை. கோடையில் முழங்கால் தண்ணீர்தான். ஆனாலும் முதல் ராத்திரி நான் பொட்டுத் தூங்கவில்லை. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் பேத்தியோடு பக்கத்திலிருக்கும் வியாட் என்ற சிற்றூருக்கு நடந்தேன். சாலையோரம் ஒரு கம்பம். அதன் உச்சியில் பலகை. 1964 டிசம்பர் வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்ததாம். ஊரின் பெரும்பகுதி போய்விட்டது.

"இவ்ளோ உயரமா தாத்தா?"

எனக்கு வருஷமும் மாசமும்தான் கண்ணில் பட்டன. 1964 டிசம்பர் 22 ராத்திரிதான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. எனக்கு அப்போது எட்டு வயசு. ராமேசுவரத்தில் இருந்தோம். அங்கே கருவாட்டு வியாபாரம் பார்த்த சித்தப்பா திரும்பி வரவே இல்லை. அப்பத்தா ரொம்ப நாள் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அதே நாட்களில்தான் இந்த ஆறும் கரை மீறியிருக்கிறது. பூமிக்கு இந்தப் பக்கமும் எவளோ ஒருத்தி தட்டு வைத்திருப்பாள் இல்லையா?

பேத்தியிடம் சொன்னேன். அறுபது வருஷம் கழித்து, ஒன்பது வயசுக் குழந்தையிடம். கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அவருக்கு ஸ்விம்மிங் தெரியாதா?" என்றாள்.

"நல்லாத் தெரியும்மா."

அன்று ராத்திரி கூடாரத்துக்குள் தன் படுக்கையை இழுத்து ஆற்றுப் பக்கம் போட்டுக்கொண்டாள். "நீங்க உள்பக்கம் படுங்க தாத்தா."

"எதுக்கு?" என்றேன்.

"மணி பத்தாச்சு. இனிமே இங்க யாரும் சத்தம் போடக் கூடாது" என்று டார்ச்சை அணைத்துவிட்டாள்.