பத்தொன்பது சென்டிமீட்டர்

மாலை நாலு மணி. தூத்துக்குடியில் ஒரு சிறிய கல்லூரியின் மைதானம். முதலாமாண்டு மாணவி ஒருத்தி கம்பத்தடியில் குந்தி, வாலிபால் வலையின் கயிற்றைத் தளர்த்துகிறாள். காலையில் பையன்கள் 2.43 மீட்டரில் கட்டிய வலை, பெண்களுக்கு 2.24. இரண்டு அணிக்கும் மைதானமும் வலையும் ஒன்றுதான் என்பதால் அந்த 19 சென்டிமீட்டர் தினமும் இறங்கி ஏறுகிறது. அளக்க ஒரு மூங்கில் கம்பு. அதில் பெயின்ட்டால் இரண்டு கோடு.

உப்புக் காற்றில் கொக்கியும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். எண்ணெய் விடுவது, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் விளையாடுகிறவர்களின் வேலை.

நான் போன அன்று கச்சான் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். பந்தின் எடை 260 முதல் 280 கிராம்தான்; உயரத் தூக்கி அடித்த சர்வீஸ் எல்லாம் கோட்டைத் தாண்டி விழுகிறது. முன்பு சர்வீஸ் தவறினால் எதிரணிக்கு சர்வீஸ் மட்டும்தான் போகும். 1998-இல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் விதியை மாற்றியபின் ஒவ்வொரு தவறும் எதிரணிக்கு ஒரு புள்ளி. அதனால் இங்கே பயிற்சியில் பெரும்பங்கு சர்வீஸுக்கே போகிறது.

"மண்ணை விட்டுப் பாத்துட்டு அடிம்மா" என்கிறார் பி.டி. சார். சர்வீஸ் போட நிற்பவளும் ஒரு பிடி மண்ணை விரலிடுக்கில் வடியவிட்டு, அது சாயும் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் பந்தைத் தூக்குகிறாள்.

கைதட்டல் எல்லாம் பந்தை அடிக்கிறவர்களுக்கு. என் கண் என்னவோ அவர்களுக்குப் பந்தை ஏந்திக் கொடுக்கும் லிஃப்டர் மேலேயே இருந்தது. இரண்டு விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். தாறுமாறாக வந்த பந்தின் கீழே ஓடிப்போய் நின்று ஏந்தி விடுகிறாள். விரலில் பட்ட சத்தமே கேட்கவில்லை.

சாரின் மீதி வேலை மேஜையில். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு முன், ஒவ்வொருவரின் மதிப்பெண் பட்டியலும் பிறந்த தேதியும் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அந்தப் போட்டியில் கண்ணில் பட்டால்தான் பல்கலைக்கழக அணி, அதன்பின் தென்மண்டலப் போட்டி. வகுப்புக்குப் போகாத நாட்களுக்கு வருகைப்பதிவு வாங்கித் தருவதும் அவர்தான்.

இந்தக் கரைக்கு வாலிபால் புதிதல்ல. இந்திய வாலிபால் சம்மேளனத்தின் தலைவராக இருந்த சிவந்தி ஆதித்தனாரின் குடும்பம் திருச்செந்தூரை அடுத்த காயாமொழியைச் சேர்ந்தது. 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கும் அவரே தலைவர். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்று அவர் பெயரில் திருச்செந்தூரில் இயங்குகிறது.

ஐந்தே கால் ஆனதும் பெண்கள் ஷூவைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஓட்டப்பிடாரம் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் இருட்டிவிடும், வீட்டில் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள். பையன்களோ விளக்கு போடும்வரை ஆடுகிறார்கள். காலை நேரத்தைப் பையன்களோடு மாற்றிக்கொள்வதும் கைகொடுக்காது. ஊரிலிருந்து வரும் முதல் பஸ்ஸே வகுப்பு நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறது. திறமையில் குறைவில்லாத இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம். அது போதாது.

லிஃப்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். பையன்கள் கயிற்றை இழுக்கிறார்கள். மூங்கில் கம்பைப் பிடித்திருப்பவன் கத்துகிறான்:

"ஏல, இன்னும் ஒரு விரக்கடை ஏத்துல!"